கிடைக்காத டிரான்சிஸ்டருக்கு மாற்று: ஒரு 20 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப்பின் பழுது நீக்கம்

மின் அலைகளைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் இந்த ஆசிலோஸ்கோப் 1980-களில் இந்தியாவில் செய்யப்பட்டது. இரண்டு சானல், 20 மெகாஹெர்ட்ஸ். கல்லூரி ஆய்வகங்களில் ஒரு காலத்தில் மேசைக்கு ஒன்றாக வரிசை கட்டி நின்ற வகை. பாலிடெக்னிக்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அம்பத்தூரில் தன் வீட்டு மாடியில் பையன்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்க இதை வைத்திருக்கிறார். சில வருடங்களுக்கு முன் திரையில் கோடு வராமல் ஒரே புள்ளியாக நின்றபோது வேறு ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்திருக்கிறார். கோடு வந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் கருவியின் பேச்சை நம்ப முடியவில்லை என்பதுதான் அவர் குறை.

"மெதுவான சிக்னல் எல்லாம் அழகா வருது சார். வேகமா வெச்சா இடது பக்கம் நசுங்குது. சானல் 2-ல ஸ்கொயர் வேவ் முனை மழுங்குது. கோடு வேற மெல்ல மேல ஏறிக்கிட்டே போகுது." சொல்லித்தருபவர் என்பதால் குறையைத் துல்லியமாகச் சொன்னார். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

முதலில் அளந்து பார்த்தேன். 20 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டர் டப்பா ஒன்றை உள்ளீட்டில் கொடுத்தேன். அதன் ஒரு சுற்று 50 நானோ செகண்ட். ஒளிப்புள்ளி திரையில் இடமிருந்து வலமாக ஓடுவதுதான் ஸ்வீப். ஸ்கோப்பின் அதிவேக ஸ்வீப், திரையின் பத்துக் கட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் 0.2 மைக்ரோ செகண்ட். அதை விரித்துக் காட்டும் பத்து மடங்கு மேக்னிஃபையரைப் போட்டால் 20 நானோ செகண்ட். அப்படியானால் ஒவ்வொரு சுற்றும் இரண்டரைக் கட்டம் பிடிக்க வேண்டும், திரை முழுக்க நான்கு சுற்று தெரிய வேண்டும். இங்கே முதல் சுற்று ஒன்றரைக் கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. இரண்டாவது கொஞ்சம் தேறியது. மூன்றாவதும் நான்காவதும் சரியாக இருந்தன. மேக்னிஃபையரை எடுத்துவிட்டு ஸ்வீப்பை மெதுவாக்கினால் எல்லாம் ஒழுங்கு. ஸ்வீப் ஜெனரேட்டர் நன்றாக இருக்கிறது, அது தரும் சாய்வு அலையைப் பிக்சர் ட்யூபில் ஒளிப்புள்ளியை நகர்த்தும் தகடுகளுக்குக் கொண்டுபோகும் கடைசிப் படிதான் ஓட முடியாமல் திணறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மூடியைத் திறந்ததும் காரணம் கண்ணில் பட்டது. அந்தக் கடைசிப் படியில், அதாவது கிடைத்தள வெளியீட்டுப் படியில், இருக்க வேண்டியவை இரண்டு பிஎஃப் 459 டிரான்சிஸ்டர்கள். அங்கே நின்றவை இரண்டு எம்ஜேஇ 340.

முன்பு பழுது பார்த்தவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எந்த டிரான்சிஸ்டருக்கு எது மாற்று என்று பட்டியல் போடும் ஈக்விவலண்ட் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரி. பிஎஃப் 459-ம் 300 வோல்ட் தாங்கும், எம்ஜேஇ 340-ம் 300 வோல்ட் தாங்கும். பழையது 100 மில்லிஆம்பியர், புதியது 500. இரண்டும் ஒரே டிஓ-126 கூடு. கால் வரிசையும் ஒன்றே: எமிட்டர், கலெக்டர், பேஸ். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் கேட்டாலும் இதே பதில்தான். "பிஎஃப் 459 எல்லாம் நின்னு எவ்வளவோ வருஷமாச்சு சார். 340 போடுங்க, எல்லாரும் அதான் வாங்கிட்டுப் போறாங்க" என்று கல்லாவில் இருந்த அண்ணன் எனக்கும் சொன்னார். மின்னழுத்தம், மின்னோட்டம், துருவம், கூடு ஆகிய நான்கும் பொருந்தினால் மாற்று கிடைத்துவிட்டது என்று நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். பவர் சப்ளைக்கு அது போதும். எஸ்எல் 100 இருந்த ரெகுலேட்டரில் பிடி 139-ஐ, கால் வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டு, பெரும்பாலும் தயங்காமல் போடலாம். ஸ்கோப்பின் தகடுகளை ஓட்டும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த டிரான்சிஸ்டர் இங்கே என்ன வேலை செய்கிறது?

அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். இந்த ட்யூபில் ஒளிப்புள்ளி பத்துக் கட்டம் நகர, ஒவ்வொரு தகட்டின் மின்னழுத்தமும் சுமார் 70 வோல்ட் மாற வேண்டும். கட்டத்துக்கு 20 நானோ செகண்ட் என்றால் பத்துக் கட்டத்துக்கு 200 நானோ செகண்ட். மைக்ரோ செகண்டுக்கு 350 வோல்ட் வேகம். அந்த வேகத்தில், கலெக்டரில் தொங்கும் கொள்ளளவில், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மையில், ஒவ்வொரு பிகோஃபாரட்டும் தன் பங்குக்கு 0.35 மில்லிஆம்பியர் கேட்கும். தகடும் வயரும் சேர்ந்து சில பிகோஃபாரட் இருக்கத்தான் செய்யும், அதைக் குறைக்க வழியில்லை. டிரான்சிஸ்டர் கூடுதலாகப் பத்து பிகோஃபாரட்டைக் கொண்டுவந்தால் அதற்கு மட்டும் 3.5 மில்லிஆம்பியர் போய்விடும். இந்தப் படியில் ஒரு பக்கத்தில் ஓடும் மொத்த மின்னோட்டமே 8 மில்லிஆம்பியர் அளவுதான். மிச்சத்தை வைத்துக்கொண்டு அது எப்படி ஓடும்?

இன்னொரு சங்கடமும் உண்டு. மேக்னிஃபையரைப் போட்டால் ஸ்வீப்பின் பெரும்பகுதி திரைக்கு வெளியே நடக்கிறது. அந்த நேரம் முழுக்க ஒரு பக்க டிரான்சிஸ்டர் முற்றிலும் திறந்தும் மறுபக்கம் முற்றிலும் மூடியும் கிடக்கும். புள்ளி திரைக்குள் நுழையும் தருணத்தில் இரண்டும் சட்டென்று விழித்துக்கொண்டு ஓட வேண்டும். பேஸில் தேங்கிய மின்னூட்டம் வடிய நேரமெடுக்கும் டிரான்சிஸ்டர் அங்கே பின்தங்குகிறது. நசுங்கல் எப்போதும் இடது பக்கத்தில் மட்டும் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். ஒழுங்கான ஸ்கோப்பிலும் தொடக்கத்தில் சிறு வளைவு இருக்கும். அதிவேக ஸ்வீப்பின் முதல் சில பத்து நானோ செகண்டை அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பல கருவிகளின் கையேடுகளே சொல்கின்றன. ஒரு முழுக் கட்டம் காணாமல் போவது அந்தக் கணக்கில் வராது.

பிஎஃப் 457, 458, 459 மூன்றும் டிவியின் வீடியோ வெளியீட்டுக்கென்றே பிறந்தவை. பெருக்கம் ஒன்றாகச் சரியும் அதிர்வெண், அதாவது எஃப்டி, 90 மெகாஹெர்ட்ஸ். கொள்ளளவு சில பிகோஃபாரட். எம்ஜேஇ 340 ஆடியோ டிரைவருக்கும் பவர் சப்ளைக்கும் ஆனது. நான் பார்த்த அதன் டேட்டாஷீட்டுகளில் எஃப்டி பற்றியோ கொள்ளளவு பற்றியோ பேச்சே இல்லை. ஒரு டேட்டாஷீட் ஒரு விஷயத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால், அந்த டிரான்சிஸ்டர் அந்த வேலைக்கு இல்லை என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

இதே ஸ்கோப்பில் ஒளியை அணைத்து ஏற்றும் பகுதியில் பழைய பிஎஃப் 459 ஒன்று பிழைத்திருந்தது. அதைக் கழற்றி, பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையிலான கொள்ளளவை எல்சிஆர் மீட்டரில் அளந்துவிட்டு, எடுத்துப்போட்ட 340-ஐயும் அதேபோல அளந்தேன். பழையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மின்னழுத்தம் கொடுக்காமல் அளப்பதால் டேட்டாஷீட் எண்ணோடு இது ஒத்துப்போகாது. இரண்டையும் ஒரே மாதிரி அளந்து ஒப்பிடத்தான் இந்த வழி. பிழைத்த அந்த ஒரு டிரான்சிஸ்டர்தான் பிறகு எல்லாவற்றுக்கும் என் அளவுகோல்.

ஏட்டளவில் மாற்று சுலபம். 2எஸ்சி 3503 என்ற டிரான்சிஸ்டர் 300 வோல்ட், எஃப்டி 150 மெகாஹெர்ட்ஸ், திரும்பு கொள்ளளவு (கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையிலானது) 1.8 பிகோஃபாரட், அதே கூடு, அதே கால் வரிசை. பழையதைவிட எல்லா வகையிலும் மேல். ரிச்சி தெருவிலும் அதன் எண்ணைப் போட்டு விற்கிறார்கள். வாங்கி வந்து அளந்தால், கொள்ளளவு 340-க்குப் பக்கத்தில் நின்றது. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த சில்லு, இவ்வளவு குறைந்த கொள்ளளவுள்ள டிரான்சிஸ்டருக்கு இருக்கவே முடியாத அளவுக்குப் பெரிது. வேறெதையோ எடுத்து மேலே எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள். ஆடியோ ஆம்ப்ளிஃபையர் கட்டுபவர்கள் இந்த எண்ணை விரும்பிக் கேட்பதால் போலியும் அதிகம். நம்பகமான விநியோகஸ்தரிடம் வரவழைக்கலாம்தான். இரண்டு டிரான்சிஸ்டருக்கு அனுப்பும் செலவே பல மடங்கு ஆகும்.

அப்போதுதான் பல்லாவரம் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டிவி போர்டுகள் குவியலாகக் கிடக்கும். தமிழ்நாட்டில் பழைய கலர் டிவிக்குப் பஞ்சமே இல்லை. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமே வீடு வீடாக டிவியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவையெல்லாம் இப்போது காயலான் கடைப் பக்கம் வந்துவிட்டன. பிக்சர் ட்யூபின் கழுத்தில் செருகியிருக்கும் சிறிய போர்டில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒவ்வொரு வெளியீட்டு டிரான்சிஸ்டர் இருக்கும். அவற்றின் வேலை என்ன? நூற்றுச் சொச்சம் வோல்ட்டை, மிகச் சிறிய கொள்ளளவோடு, பிக்சர் ட்யூபின் ஒரு முனையில் வேகமாக ஏற்றி இறக்குவது. ஸ்கோப்பின் தகட்டை ஓட்டுவதும் அதே வேலைதான். எண்ணைத் தேடிக்கொண்டு தெருத்தெருவாக அலைவதைவிட, அதே வேலையைப் பார்த்த டிரான்சிஸ்டர் எங்கே இருந்தது என்று தேடினால் வழி திறக்கிறது. பழைய ஸ்கோப்பை வைத்திருக்கும் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

எல்லாக் கழுத்துப் போர்டும் உதவாது. பின்னாளில் வந்த டிவிகள் பலவற்றில் மூன்று டிரான்சிஸ்டருக்குப் பதில் ஒரே ஐசி இருக்கும், அதைத் தொட வேண்டாம். சிலவற்றில் டிஓ-92 கூட்டில் பிஎஃப் 422 போன்றவை இருக்கும். நல்ல சாமான்தான், ஆனால் இந்தப் படியின் சூட்டுக்குச் சின்னக் கூடு தாங்காது. நான் தேடியது சிறு அலுமினியத் தகடு மாட்டிய டிஓ-126 வகை. கிடைத்த போர்டில் இருந்தவை மூன்று 2எஸ்சி 2688. என்இசி தயாரிப்பு, 300 வோல்ட், எஃப்டி 80 மெகாஹெர்ட்ஸ், திரும்பு கொள்ளளவு மூன்று பிகோஃபாரட்டுக்குள். பிஎஃப் 459-க்கு அண்ணன் தம்பி போல. மூன்றும் ஒரே போர்டில், ஒரே எழுத்துக் குறியோடு இருந்ததால் ஒரே தொகுதியில் வந்தவையாக இருக்கும் என்பது கூடுதல் லாபம். இரண்டு பக்கமும் ஒத்த டிரான்சிஸ்டர் வேண்டிய இடம் இது.

பழைய டிரான்சிஸ்டரை அப்படியே போடக்கூடாது. முதலில் கொள்ளளவு: கையிலிருந்த பிஎஃப் 459-க்குப் பக்கத்திலேயே இருந்தது. அப்புறம் தாங்கு மின்னழுத்தம். 350 வோல்ட் சப்ளையிலிருந்து ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் வழியாகக் கலெக்டருக்குக் கொடுத்து, பேஸை எமிட்டரோடு சேர்த்து, கலெக்டரில் எத்தனை வோல்ட்டில் நிற்கிறது என்று பார்ப்பேன். ஒரு மெகாஓம் நடுவில் இருப்பதால் 0.35 மில்லிஆம்பியருக்கு மேல் ஓட வழியில்லை, டிரான்சிஸ்டர் சாகாது. மீட்டரின் உள்தடையே பத்து மெகாஓம்தான் என்பதால் படிக்கும் எண் கொஞ்சம் குறைவாகத் தெரியும்; அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்றும் 300-ஐத் தாண்டி நின்றன. கடைசியாக 8 மில்லிஆம்பியரில் பெருக்கம் பார்த்து, நெருங்கி வந்த இரண்டை எடுத்துக்கொண்டேன். இந்தச் சோதனைகளைச் செய்யும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். ஸ்கோப்புக்குள் இதைவிட மோசம்: ட்யூபுக்குப் போகும் 2,000 வோல்ட் சப்ளையின் கண்டென்சர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

மாட்டியதும் அதே 20 மெகாஹெர்ட்ஸ் டப்பா. முதல் சுற்று இரண்டேகால் கட்டத்துக்கு வந்தது. கையேட்டில் சொன்ன டிரிம்மரை மெல்லத் திருப்பியதும் இரண்டரையை எட்டிப் பிடித்தது. நான்கு சுற்றும் ஒரே அகலம். கிடைத்தளப் பக்கம் இத்தோடு முடிந்தது.

சானல் 2-க்கு வருவோம். அங்கே செங்குத்துப் பெருக்கியின் நடுப்படியில் ஒரு ஜோடி பிஎஃப் 199 இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அசல், மற்றது பிசி 547. கால்களை முறுக்கி, ஒன்றை ஒன்று தாண்டவைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் செருகியிருந்தார்கள். ஏன் முறுக்க வேண்டி வந்தது? பிசி 547-ன் நடுக்கால் பேஸ். பிஎஃப் 199-ன் நடுக்கால் எமிட்டர். கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே எமிட்டரைச் சுவர்போல நிறுத்தி, இரண்டு கால்களுக்கு இடையிலான கொள்ளளவையும் குறைப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த டிரான்சிஸ்டரின் திரும்பு கொள்ளளவே 0.3 பிகோஃபாரட் அளவுதான். முறுக்கிய கால்கள் மட்டுமே அதைவிட அதிகம் கொண்டுவந்துவிடும்.

சட்டென்று உயரும் சிக்னலுக்குக் கோடு மேலே ஏற எடுக்கும் நேரம்தான் ஏறுநேரம். 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்புக்கு அது, 0.35-ஐ 20 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால், 17.5 நானோ செகண்ட். 74எச்சி 14 ஐசியில் ஒரு சின்ன ஆசிலேட்டர் கட்டினால் இதைச் சோதிக்கப் போதுமான கூர்மையான விளிம்பு கிடைக்கும். சானல் 1-ல் 18 வந்தது. சானல் 2-ல் 28. ஆசிரியர் சார் சொன்ன மழுங்கல் இதுதான். கோடு மேலே ஏறியதற்கும் இதே ஜோடிதான் காரணம். சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். இரண்டும் ஒரே வகையாக, ஒட்டி நின்றால் இரண்டும் சேர்ந்தே குறையும், வித்தியாசம் திரைக்கு வராது. ஒன்று ஒரு வகை, மற்றது வேறு வகை, அதுவும் கால் நீண்டு காற்றில் தொங்கிக்கொண்டிருந்தால் கோடு நிற்காமல் நகர்வதில் ஆச்சரியமில்லை.

பிஎஃப் 199-ம் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. அதற்கு நெருங்கிய எம்பிஎஸ்எச் 10-ம் கம்பிக்கால் கூட்டில் நின்றுவிட்டது. ஆனால் அதே சில்லு எஸ்ஓடி-23 என்ற அரிசி அளவுக் கூட்டில் எம்எம்பிடிஎச் 10 என்று இன்றும் வருகிறது. எஃப்டி 650 மெகாஹெர்ட்ஸ், 25 வோல்ட். கம்பிக்கால் டிரான்சிஸ்டர்கள் பலவற்றின் கதை இதுதான்: நின்றுபோனது கூடு மட்டும். தேடும்போது சின்னக் கூட்டுப் பெயரையும் சேர்த்துத் தேடினால், "கிடைக்காது" என்று கைவிட்ட பல எண்கள் கிடைத்துவிடும்.

ஜோடி சேர்க்க, பேஸையும் கலெக்டரையும் இணைத்து, ஒரு மில்லிஆம்பியர் ஓடவிட்டு, மில்லிவோல்ட்டைப் படிக்க வேண்டும். இங்கே பொறுமை வேண்டும். கையால் பிடித்த டிரான்சிஸ்டர் விரல் சூட்டில் சில மில்லிவோல்ட் இறங்கித்தான் காட்டும்; சாமணத்தால் பிடித்து, ஆறவிட்டுப் படிக்க வேண்டும். மே மாதமாக இருந்தாலும் சீலிங் ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். காற்று ஒரு வீச்சு வீசினால் கடைசி இலக்கம் ஆடும். ஒரு பட்டையிலிருந்து வெட்டியவற்றில் ஒரு மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகும் ஜோடி பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்த இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டும்படி ஒரு சொட்டு எபாக்ஸியில் சேர்த்து, மெல்லிய கம்பிகளைக் காலாக வைத்து, பழைய துளைகளிலேயே இறக்கினேன்.

போட்டதும் கோடு தடித்துத் தெரிந்தது. பிசிறு பிடித்த மாதிரி. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் தடிப்பு மாறியது. டிரான்சிஸ்டர் தானாகவே உயர் அதிர்வெண்ணில் அலைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பழையதைவிட வேகமானதைப் போடும்போது இது வரக்கூடும். அதனால்தான் "எஃப்டி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு பேஸ்களிலும் ஆளுக்கு 47 ஓம், டிரான்சிஸ்டருக்கு ஒட்டியே வைத்ததும் கோடு மெலிந்து நின்றது. ஏறுநேரம் 18-லேயே இருந்தது.

வெளிநாட்டு ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்ட்ரானிக்ஸ் கருவிகளில் டிரான்சிஸ்டர்மேல் 151-0190-00 என்பது போன்ற சொந்த எண் இருக்கும். அது 2என் 3904. 151-0188-00 என்றால் 2என் 3906. எச்பி கருவிகளில் 1854 என்று தொடங்கினால் என்பிஎன், 1853 என்றால் பிஎன்பி. இந்த எண்களைக் கடையில் கேட்டுப் பயனில்லை, கையேட்டின் உதிரிப் பட்டியலில்தான் பதில் இருக்கும். சில எண்கள் சாதாரண டிரான்சிஸ்டரிலிருந்து பொறுக்கி எடுத்தவை. அங்கே எந்த அளவை வைத்துப் பொறுக்கியிருப்பார்கள் என்பதைச் சுற்றைப் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து டெக்ட்ரானிக்ஸில் பல டிரான்சிஸ்டர்கள் சாக்கெட்டில் நிற்கும். நம் ஊர்க் காற்றில் வெள்ளி பூசிய கால்கள் கறுத்துப்போய்த் தொடுகை விட்டிருக்கலாம். டிரான்சிஸ்டரைச் செத்ததாக முடிவு கட்டும் முன் எடுத்து, காலைத் துடைத்து, திரும்பச் செருகிப் பார்க்க வேண்டும்.

பிழைத்திருந்த பிஎஃப் 459-ஐ அது முன்பிருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். அந்தப் பகுதி நன்றாக வேலை செய்கிறது, மாற்றக் காரணமில்லை. மிஞ்சிய மூன்றாவது 2எஸ்சி 2688-ஐ அதன் அளவுகளை எழுதிய சீட்டோடு சாரிடம் கொடுத்தேன். எந்த இடத்தில் எது இருந்தது, இப்போது எது இருக்கிறது, 47 ஓம் எங்கே புதிதாகச் சேர்ந்தது என்பதையெல்லாம் அவருடைய கையேட்டின் சர்க்யூட் படத்திலேயே பென்சிலால் குறித்தாயிற்று. அரை மணி நேரம் சூடாகவிட்ட பிறகு கட்டத்துக்கு 5 மில்லிவோல்ட் நிலையில் கோடு ஒரு கட்டத்தின் பத்தில் ஒரு பங்குகூட நகரவில்லை.